சேலத்திலிருந்து கடலுக்கு: சனி, ஞாயிறில் போய்வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெளியூர்க்காரர்கள் ஏற்காடு ஏறும் சனிக்கிழமைகளில் நாங்கள் எதிர்த் திசையில் கிளம்புகிறவர்கள். ஒரு பக்கம் சேர்வராயன், இன்னொரு பக்கம் ஜருகுமலை, அந்தப் பக்கம் கஞ்சமலை என்று சுற்றிலும் மலையாகவே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் மீது ஒரு தனிப் பைத்தியம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடமாக வீட்டோடு இப்படிப் போய் வருகிறோம். அதனால் அலுவலகத்திலும் தெருவிலும் "எங்கே போகலாம், எப்படிப் போகலாம்" என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில்.

சேலத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கடல் எது?

கடலூர். ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் வெள்ளிக் கடற்கரை நீளமானது, மணலும் நன்றாக இருக்கும். புதுச்சேரி இன்னும் இருபது கிலோமீட்டர் கூட, அவ்வளவுதான். அதனால்தான் எல்லாரும் கடலூரைத் தாண்டிப் புதுச்சேரிக்கு ஓடுகிறார்கள். குழந்தைகள் மணலில் விளையாடினால் போதும் என்பவர்களுக்குக் கடலூரே போதும். பலாப்பழக் காலத்தில் போனால் பண்ருட்டியில் வண்டி தானாக நின்றுவிடும்.

இரண்டு நாளில் எந்தெந்த ஊர் பார்க்கலாம்?

ஒரே ஒரு ஊர். இந்தக் கேள்வியை "எந்தெந்த" என்று கேட்பதே வினை. சனிக்கிழமை மாமல்லபுரம், இரவு புதுச்சேரி, ஞாயிறு காலை பிச்சாவரம், மதியம் சிதம்பரம் என்று தாளில் எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். நாங்களும் ஒரு தடவை அப்படிச் செய்தோம். திரும்பி வந்ததும் என் சின்ன மகளிடம் பக்கத்து வீட்டு அக்கா "கடல் எப்படிம்மா இருந்துச்சு" என்று கேட்டார். "கார்லயே இருந்தோம்" என்றாள்.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: ஒரு பக்கப் பயணம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த வட்டத்துக்குள் கடலூர், புதுச்சேரி, பிச்சாவரத்தோடு சேர்ந்த சிதம்பரம் ஆகியவை வந்துவிடும். பூம்புகாரும் தரங்கம்பாடியும் விளிம்பில் நிற்கும். ராமேஸ்வரம் மதுரை வழியாக 400 கிலோமீட்டர். அதற்கு மூன்று நாள் வேண்டும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தையும், 1964 டிசம்பர் புயல் அழித்துப் போட்ட தனுஷ்கோடியையும் அவசரத்தில் பார்ப்பது பாவம். கன்னியாகுமரி அதைவிடத் தூரம். அதையெல்லாம் பொங்கல் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறோம். புதுச்சேரி சரிதானா?

சரிதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கடற்கரைச் சாலையில் பெரும்பகுதி கருங்கல் போட்ட கரை. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கே தடைபட்டு, ஊர்க்கரையின் மணலைக் கடல் தின்றுவிட்டது. அந்தச் சாலை நடப்பதற்கும் உட்கார்ந்து காற்று வாங்குவதற்கும்தான். காலில் அலை படவேண்டும் என்றால் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகும் கடற்கரைக்கோ, வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கடற்கரைகளுக்கோ போகவேண்டும்.

மாலையில் அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தால், குழந்தைகளைக் கையைப் பிடிக்காமல் ஓடவிடலாம். நம் ஊரில் அப்படி ஒரு சாலை எங்கே இருக்கிறது? ஐந்து ரோட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். வரலாற்றில் விருப்பமிருந்தால் அரிக்கமேடு பக்கம்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியர்களோடு வணிகம் நடந்ததற்கான தடயங்களை எடுத்த இடம். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மாந்தோப்பும் சுவர் மிச்சமும்தான். எனக்கு அதுவே பிடித்தது.

சனிக்கிழமை இரவு பெங்களூருவும் சென்னையும் சேர்ந்து அங்கேதான் இருக்கும். அறை வாடகை ஏறும், சாப்பாட்டுக் கடையில் வரிசை நிற்கும். விடுப்பு கிடைத்தால் ஞாயிறு, திங்கள் போங்கள். அதே அறை, அதே கடல், பாதிக் கூட்டம்.

கூட்டமே வேண்டாம். அமைதியாக ஒரு ஊர் சொல்லுங்கள்.

தரங்கம்பாடி. விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி வழியாக 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர். 1706இல் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஊர் வாசலைத் தாண்டி உள்ளே போனால் ஒரே நேர்த்தெரு, அதன் முடிவில் கடல். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது; அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதியைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்தால் வேறு வேலையே தோன்றாது.

அங்கிருந்து 20 கிலோமீட்டர் அளவில் பூம்புகார். சேலத்துக்காரர்கள் ஒரு தடவையாவது போகவேண்டிய இடம் என்பேன். கண்ணகிக்காக அல்ல, காவிரிக்காக. மேட்டூரில் பதினாறு கண் மதகு வழியாகப் பொங்கி வரும் தண்ணீரை நாம் பார்த்திருக்கிறோம், ஆடிப்பெருக்குக்கு அதில்தான் முங்கி எழுகிறோம். அந்தக் காவிரி பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அகலம்தான் இருக்கிறது. வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய்விடுகிறது, மீதி டெல்டா முழுக்க வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போய்விடுகிறது. முதல் தடவை பார்த்தபோது "இதுதானா?" என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பிறகு வழியெல்லாம் பார்த்த நாற்று வயல்கள் நினைவுக்கு வந்தன.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் பூம்புகார் வேண்டாம். தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் அமைதியைத் தேட முடியாது. தரங்கம்பாடியில் தங்குமிடம் குறைவு, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

ரயிலில் போக முடியாதா?

முடியும், ஆனால் மேற்குக் கரைக்கு. சேலம் ஜங்ஷன் சென்னை–கேரளா முக்கியப் பாதையில் இருக்கிறது. அதனால் கோழிக்கோடு, எர்ணாகுளம், ஆலப்புழை எல்லாம் இரவு ஏறிக் காலையில் இறங்கும் தூரம். கிழக்குக் கரைக்கு ஆத்தூர், விருத்தாசலம் வழியாக பெங்களூரு–காரைக்கால் ரயில் இருக்கிறது, கடலூர், நாகப்பட்டினம் போகும். ஆனால் அது பகலில் நிதானமாகப் போகும் வண்டி, வார இறுதிக்குத் தோதுப்படாது. கிழக்கு என்றால் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுங்கள் அல்லது கார் எடுங்கள்.

மேற்கே போகும் வண்டிகளில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சென்னையில் வெள்ளி இரவு கிளம்பும் வண்டி, சேலத்துக்கு வரும்போது நள்ளிரவைத் தாண்டியிருக்கலாம். அப்படியானால் சேலத்தில் ஏறுபவருக்குத் தேதி சனிக்கிழமை. இதைத் தெரியாமல் நான் ஒரு வெள்ளிக்கிழமைத் தேதிக்கு நான்கு டிக்கெட் போட்டேன். வெள்ளி இரவு பதினொன்றரைக்கு இரண்டு பை, ஒரு தண்ணீர்க் கேன், தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் நின்றோம். வண்டி வந்தது. எங்கள் படுக்கையில் யாரோ போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சார், இது நேத்து ராத்திரி வண்டிக்கு" என்றார். வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறந்ததும் எங்கள் வண்டி போய்விட்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம், என் மனைவி திங்கட்கிழமை வரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது). தட்கல் முந்தைய நாள், குளிர்சாதனப் பெட்டிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதாரை இணைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். அதைக் கடைசி நிமிடத்தில் செய்யப் பார்க்காதீர்கள்.

கோழிக்கோட்டில் கடற்கரை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். கொச்சிக் கோட்டைக்கு எர்ணாகுளத்திலிருந்து படகு. இந்த இரண்டில் எதற்குப் போனாலும் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். நம் கிழக்குக் கரையில் உதயம் மட்டும்தான், மறைவது முதுகுக்குப் பின்னால். ஆனால் கிழக்கில் ஒரு பதில் மரியாதை உண்டு. பௌர்ணமி நாளில் சூரியன் விழுகிற நேரத்தை ஒட்டியே நிலா கடலிலிருந்து எழும்பும். நாள்காட்டியைப் பார்த்து அந்த வாரத்தைப் பிடியுங்கள்.

வெள்ளி இரவே கிளம்பலாமா, சனி விடியலில் கிளம்பலாமா?

காரில் என்றால் சனிக்கிழமை, அதிகாலை மூன்றரை. ஒரு வாரம் வேலை பார்த்த களைப்போடு வெள்ளி இரவு ஓட்டாதீர்கள். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலை, நான்கு வழியாக வந்து ஊர்ப் புறவழிகளில் திடீரென்று இருவழியாகச் சுருங்கும் இடங்களுக்கும் அங்கே நடந்த விபத்துகளுக்கும் பேர் போனது. இருட்டில் எதிர்வண்டி விளக்கில் கண் கூசும் நேரத்தில் அது தெரியாது. விடியலில் போகும்போது இன்னொரு தொல்லை: சாலை கிழக்கே போகிறது, ஆறரை மணிக்குச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரத்துக்கு டீக்கடையில் நின்றுவிடுவது எங்கள் வழக்கம்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே கணக்கா?

ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்துக்குள் புகுந்து, அம்மாபேட்டையைத் தாண்டுவதை விட, குப்பனூர் வழியாக இறங்கினால் நேராக அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஆத்தூர் சாலையைப் பிடிக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் இறங்கும் முன் விசாரியுங்கள், மண் சரியும் சாலை. இருட்டில் பழக்கமில்லாதவர்கள் ஓட்ட வேண்டாம். அப்புறம், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலிருந்து போகிறீர்கள். கடற்கரைப் புழுக்கம் சேலத்துக்காரர்களையே படுத்தும், உங்களை இரண்டு மடங்கு படுத்தும்.

எந்த மாதம் நல்லது?

கிழக்குக் கரைக்கு ஜனவரி, பிப்ரவரி. மார்ச் முதல் பாதியும் பரவாயில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று ஒரு வரி செய்தியில் வந்தாலும் அறையை ரத்து செய்துவிடுங்கள். மேற்குக் கரைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம்.

கோடையில் போவது பற்றி ஒரு வார்த்தை. "சேலத்து வெயிலுக்குக் கடல் தேவலாம்" என்று நினைக்கிறோம். நம் வெயில் வறண்ட வெயில், நிழலில் நின்றால் தப்பிக்கலாம். அங்கே நிழலிலும் வியர்வை காயாது. மதியத்துக்கு மேல் நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று திரும்பும்போதுதான் உயிர் வரும். அந்தக் காற்று தாமதமாகிற நாளில் அறையை விட்டு வெளியே வர முடியாது.

"கடல் பார்த்த அறை" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்த அறையின் எந்த ஜன்னல் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒரு விடுதியில் கிடைத்த கடல், குளியலறையின் மேல்ஜன்னலில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் ஒரு சாண் தெரிந்தது. பிள்ளைகள் முறை வைத்து ஏறிப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் போன் போட்டு, "ஜன்னலிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று கேட்டுவிடுகிறேன். தயங்காமல் அனுப்புகிறவர்களிடம் மட்டும் பணம் கட்டுகிறேன்.

சொல்லப்போனால் கடல் பார்த்த அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். இரவில் ஜன்னலுக்கு வெளியே கருப்பாகத்தான் இருக்கும், பகலில் நீங்கள் கரையில் இருப்பீர்கள். நடக்கும் தூரம், சுத்தமான கழிவறை, வண்டி நிறுத்த இடம், இந்த மூன்றையும் பாருங்கள்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். கடலில் குளிக்கலாம்தானே?

கிணற்றிலும் காவிரியிலும் பழகிய நீச்சலா? அப்படியென்றால் இன்னும் ஜாக்கிரதை. கிணறு எதையும் இழுக்காது. கடலில் அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், ஏதோ ஓர் இடத்தில் ஒன்று சேர்ந்து வேகமாக உள்ளே திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் "இங்கே அலை கம்மி" என்று அங்கேதான் இறங்குவார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென்று ஏறும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும், கேரளத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டதும் அப்படி எச்சரிக்கை விடுத்திருந்த நாளில்தான். மீனவர்கள் படகை மேலே இழுத்து வைத்திருந்தால் நீங்களும் மேலே நில்லுங்கள். எந்த இடம் நல்ல இடம் என்று அவர்களிடம் கேளுங்கள். "இங்க வேணாம்யா" என்று ஒரு பெரியவர் சொன்னால் விவாதம் வேண்டாம். எங்கள் வீட்டுச் சட்டம்: முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் இறங்கினால் பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்கவேண்டும், செல்போனைப் பார்த்தபடி அல்ல.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். என் அம்மா முதல் தடவை கடல் பார்த்தது அறுபத்திரண்டு வயதில், கடலூரில். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி நின்றார். இரண்டாவது அலை அவருடைய இடது செருப்பைக் கொண்டுபோய்விட்டது. "போச்சுடா" என்றார். நான் தேடுவதற்குள் அடுத்த அலை அதை நாலடி தள்ளிக் கொண்டுவந்து போட்டது. "பாரு, நமக்கு வேண்டாததை அது வச்சுக்கல" என்று எடுத்து மண்ணை உதறிக் காலில் மாட்டிக்கொண்டார். வரும்போது ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துவந்தார். அது இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது, அடியில் உப்பு படிந்து.

மணலில் நடப்பது மூட்டுக்குக் கஷ்டம், அதனால் மணல் தொடங்கும் இடம் வரை வண்டி போகும் கடற்கரையாகப் பாருங்கள். ஒரு மடக்கு நாற்காலி போதும்.

மீன் எங்கே நன்றாக இருக்கும்?

கடையை விட நாளைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீன் இனப்பெருக்கத்துக்காக. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறும். வஞ்சிரம் கேட்டால் ஐஸில் பல நாள் கிடந்தது வரலாம். கேரளத்தில் இழுவைப் படகுத் தடை ஜூனில் தொடங்கி ஜூலை 31 வரை.

மற்ற நாட்களில் கடலூர் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். செவுளைத் தூக்கினால் இரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும், கண் குழியாமல் பளிச்சென்று இருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். சங்கராவும் நெத்திலியும் சாப்பிடுங்கள், எல்லாரும் வஞ்சிரத்துக்கே அடித்துக்கொள்வது எனக்குப் புரிந்ததில்லை. மேற்கே போனால் மத்தியும் கப்பையும். நம் ஆத்தூர் பக்கத்து மரவள்ளி ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அங்கே அதே கிழங்கு மீன் குழம்போடு இலைக்கு வருகிறது.

சேலத்துக்கு எடுத்து வர, தெர்மாகோல் பெட்டி, அடியிலும் மேலேயும் ஐஸ், வடியும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். அந்தத் தாளை மறந்தால் கார் ஒரு மாதம் நாறும்.

இங்கிருந்து என்ன எடுத்துப்போவது?

முதல் வேளைக்குப் புளிசாதம். மாலைக்கு வறட்டுத் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனி. கரையில் உட்கார்ந்து செட் போட்டுக் கொடுத்தால் பக்கத்துக் குடும்பம் எட்டிப் பார்க்கும். அவர்களுக்கும் இரண்டு கொடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து பாட்டில் வாங்கி வரலாமா?

கூடாது. தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், சோதனைச் சாவடியில் வண்டியோடு நிற்கவேண்டி வரும்.

ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவது?

இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். "இன்னும் ஒரு அலை" என்று மூன்றரை வரை இருந்துவிட்டுக் கிளம்பினால், இப்போது மேற்கே போகிறீர்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து ஆத்தூர் வரை சூரியன் மறுபடி முகத்துக்கு நேரே. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள், இல்லையென்றால் மாலை வரை இருந்து ஐந்தரைக்குக் கிளம்பி நிதானமாக வாருங்கள். நாங்கள் பன்னிரண்டு மணிக் கட்சி. வாழப்பாடி தாண்டியதும் வலப்பக்கம் சேர்வராயன் தெரியும், பின்சீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள், உப்புக்காற்று இரும்பை விடாது. மிதியடியை உதறும்போது வரும் மணலை என் சின்னவள் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கிறாள். ஊர் வாரியாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள், ஆறு டப்பா ஆகிவிட்டது.